கதிரை பார்க்கும் பக்கம்

தம்பி,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நம் கடை வாசலில் போடும் கதிரை எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இறுதி முடிவு காணப்பட்டது. கூட்டத்துக்கு ஜவாத் நாநா, பண்டா மாத்தயா, நான் ஆகிய மூவரும் வந்திருந்தோம். பாண் ரொட்டி விற்கும் வண்டிக்காரர் வாக்குரிமை இல்லாத பார்வையாளராகக் கலந்துகொண்டு, நடுவில் மூன்று தடவை கருத்துத் தெரிவித்தார். ஐம்பது நிமிட ஆலோசனைக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானம் இதுதான்: சாதாரண நாட்களில் நம் கதிரை இடப்பக்கம் திரும்பி ஜவாத் நாநாவின் கடையைப் பார்த்திருக்கும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும், பன்னிரண்டு மணி முதல் ஒன்றரை வரை, நேராகத் தெருவுக்கு எதிர்ப்புறம் பண்டா மாத்தயாவின் மணிக்கூட்டுக் கடையைப் பார்த்திருக்கும். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஒரு கையில் பிளாஸ்டர், மறுகையில் தேநீர்க் கோப்பை என்பதால் நான் கை உயர்த்தவில்லை. அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார்கள். இதை உனக்கு முறைப்படி அறிவிக்கிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

நீ கேட்டது நினைவிருக்கிறது. போன் கடைக்காரர் நல்ல விலை தருகிறார், மாத முடிவுக்குள் சொல்லுங்கள், கடையைக் கொடுத்துவிட்டு மெல்பனுக்கு வந்து எங்களோடு இருங்கள் அம்மா என்றாய். மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் நான் "பாப்போம்" என்றேன். நம் வீட்டில் "பாப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஆனால் ஆறு வருடம் அந்த ஊரில் இருந்துவிட்டாய். அங்கே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. விழும்போது இடது கையை ஊன்றியது என் வாழ்நாளில் நான் எடுத்த சில நல்ல முடிவுகளில் ஒன்று.

மருமகளும் இதை வாசிப்பாள். அவள் கொழும்பில் அடுக்குமாடியில் வளர்ந்தவள் என்பதால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். நம் குறுக்குத் தெருவில் ஒருவர் கடையை விட்டுப் போக வேண்டியிருந்தால் கதவைப் பூட்ட மாட்டார். வாசலில் ஒரு கதிரையைப் போட்டுவிட்டுப் போவார். கதிரை எந்தக் கடையைப் பார்த்திருக்கிறதோ, அந்தக் கடைக்காரர்தான் அதுவரை இந்தக் கடைக்கும் பொறுப்பு. வருகிறவர் கதிரையைப் பார்ப்பார், அது பார்க்கும் பக்கம் திரும்புவார், அங்கே இருக்கிறவர் தன் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து சாமானை எடுத்துக் கொடுப்பார். எங்கே போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. எப்படியும் எல்லோருக்கும் தெரியும். இதை யார் தொடங்கினார்கள் என்பது தெரியாது. கதிரைகள் யாருடையவை என்பதும் தெரியாது. ஒவ்வொரு பெரஹரா ஊர்வலத்துக்கும் தெருவிலுள்ள அத்தனை கதிரைகளும் பெரிய ரோட்டுக்குப் போகின்றன. திரும்பி வரும்போது கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வருகிறோம். நம் வாசலில் இப்போது இருப்பது ஒரு காலத்தில் பல் வைத்தியரிடம் இருந்தது என்று நினைக்கிறேன். அதில் உட்காருகிறவர்கள் தானாக வாயைத் திறக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் பிழைகள் நடக்கும். நம்முடையது பொத்தான், நூல், லேஸ், ஜிப் விற்கும் தையல் சாமான் கடை. ஜவாத் நாநாவுடையது பாத்திரமும் இரும்புச் சாமானும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனபோது அவர் கடையில் நல்ல அலுமினியக் கேத்தல் ஒன்றை விற்றேன். வாங்கிய அம்மா மூடியைத் திறந்து பார்த்து, "உள்ள ஈரமா இருக்கே?" என்றார். "கழுவி வச்சிருக்காங்க, சுத்தமான கடை" என்று நான் விளக்கினேன். பள்ளிவாசலிலிருந்து வந்த நாநா வழக்கம்போல் தேநீர் போடத் தேடினார். அவர் பதினேழு வருடமாகத் தண்ணீர் கொதிக்க வைத்த கேத்தல் அது. "தங்கச்சி, அதுல தேயிலத் தூள் ஒட்டி ஈந்திச்சே, அதயும் சேத்தா குடுத்தீங்க?" என்றுதான் கேட்டார். அடுத்த ஒரு வாரம் நம் வீட்டுத் தேநீர்தான் குடித்தார். குடித்தபோதெல்லாம் சர்க்கரை குறைவு என்று சொன்னார்.

உன் அப்பா போனபோது நீ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். முப்பத்தொரு நாள் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்த முப்பத்தொரு நாளும் நம் கடை வாசலில் கதிரை இருந்தது, நாநாவும் மாத்தயாவும் மாறி மாறிக் கடையைப் பார்த்தார்கள். பாடசாலை தொடங்கும் மாதம் அது, வெள்ளைப் பொத்தானுக்கும் நீல நூலுக்கும் கூட்டம் அலைமோதும் காலம். ஒரு நாள்கூடக் கடை மூடிக் கிடக்கவில்லை. ஆகவே வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போகவில்லை. ஆகவே நீ படிப்பை முடித்தாய். இதை அவர்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பண்டா மாத்தயா வெட்கப்பட்டுக் கண்ணில் அந்தப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மணிக்கூட்டுக்குள் புகுந்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இனிக் கதவு. சென்ற வருடம் நீ வந்து பத்து நாள் அலைந்து பொருத்திய கண்ணாடிக் கதவைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. அதைப் போன்ற கதவு கண்டியில் சில வங்கிகளுக்குக்கூட இல்லை. மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியில் இருப்பவர் மணி அடிப்பார். நான் கதிரையில் இருந்தபடியே பொத்தானை அமுக்கித் திறப்பேன். ஆறு இலக்கத்தை அமுக்கினாலும் திறக்கும், மெல்பனிலிருந்து நீ போனைத் தட்டினாலும் திறக்கும். மூலையில் ஒரு கமரா. "அம்மா, இனி நீங்க யாரையும் நம்பி இருக்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கதவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீ போட்டதால் மட்டும் அல்ல. வெள்ளிக்கிழமை மதியம் சோற்றில் கை வைக்கும் நேரத்தில் எழுந்து போய், ஓட்டை வாளிக்கும் ஓட்டையில்லாத வாளிக்கும் வித்தியாசம் விளக்குவதில் எனக்கு அலுப்பு வந்திருந்தது. பூட்டிய கதவுக்குள் இருக்கும் ஒருத்தியிடம் யாரும் கதிரையைத் திருப்பிவைக்க மாட்டார்கள். கதவு வந்த முதல் வெள்ளிக்கிழமை ஜவாத் நாநா வாசலில் கதிரையோடு கொஞ்ச நேரம் நின்றார். நம் கண்ணாடியைப் பார்த்தார். நான் உள்ளே இருந்து, "தம்பி போட்டது நாநா, நான் என்ன செய்யட்டும்?" என்று கையை விரித்தேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதிரையைப் பண்டா மாத்தயாவின் பக்கம் திருப்பினார். நான் சோற்றை முடித்து, கைகழுவி, பத்திரிகையும் வாசித்தேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று. என் சோம்பலை உன் தலையில் கட்டிவிட்டேன், தம்பி. இந்தத் தெருவில் எட்டு மாதமாக நீ சந்தேகப் புத்திக்காரனாக இருந்தாய். நீ அப்படிப்பட்டவன் அல்ல. மன்னித்துக்கொள்.

கதவு வந்து சில மாதங்களில் இன்னொன்றும் நடந்தது, அதையும் உனக்குச் சொல்லவில்லை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் துணி தைக்கும் செல்வராணியை உனக்கு நினைவிருக்கும். மெலிந்த உருவம், உரத்த குரல். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வத்தேகம வழியாக வந்து கொக்கியும் லைனிங் துணியும் வாங்கிப் போவாள். அன்றைக்கு நான் வங்கிக்குப் போயிருந்தேன், கதவைப் பூட்டிவிட்டு. அவள் மணி அடித்திருக்கிறாள். கதிரை இல்லை, திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு பக்கமும் இல்லை. படியில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டுக் கடைசியில் வெறுங்கையோடு போனாளாம். மறுநாள் தோட்டத்தில் கலியாணம். பெண்ணின் சட்டைக்குக் கொக்கி இல்லாமல் முதுகில் வைத்தே தைத்துவிட்டாளாம். "கலியாணம் முடிஞ்சி கத்திரிக்கோலாலதாங்க கழட்டுனோம்" என்று அடுத்த மாதம் வந்து சொன்னாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். எனக்கு அது சிரிப்பாக இல்லை.

போன மாதம் அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நான் விழுந்தேன், கை உடைந்தது, அயலவர்கள் உதவினார்கள் என்று மட்டும் உனக்குப் போனில் சொன்னேன். முழுவதும் சொன்னால் வண்டி ஓட்டும்போது நினைத்துக்கொள்வாய் என்று விட்டேன். பன்னிரண்டரை இருக்கும். மேல் தட்டிலிருந்து ஜிப் பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறினேன். முக்காலி ஒரு பக்கம் போயிற்று, நான் மறுபக்கம் போனேன். மேசைக்குப் பின்னால் கிடந்தேன். இடுப்பு அசையவில்லை, இடது கை அசைக்கிற மாதிரி இல்லை. திறக்கும் பொத்தான் என் தலைக்கு மேலே நான்கு அடியில் இருந்தது. கூப்பிட்டேன். உன் கதவு நல்ல தரம். ஒரு சத்தமும் வெளியே போகவில்லை. கமரா அசைகிற பொருளைக் கண்டால்தான் உனக்குச் செய்தி அனுப்பும் என்று நீ சொல்லியிருந்தாய். நான் அசையவில்லை. ஆகவே அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. முக்கால் மணித்தியாலம் தரையோடு தரையாகக் கிடந்ததில், போன தீபாவளியிலிருந்து தேடிய மண்ணிறப் பொத்தான் பெட்டி அலுமாரிக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். வேறு நல்லது ஒன்றும் நினைவில் இல்லை. பயந்தேன், தம்பி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக, என்ன பொத்தான் வைத்துத் தைத்தேன் என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

கண்டது செல்வராணி. மணி அடித்திருக்கிறாள், திறக்கவில்லை. "போன தடவ மாதிரி திரும்பிப் போயிறக் கூடாதுன்னு கண்ணாடில மூஞ்சிய ஒட்டிப் பாத்தேங்க, ஒத்தக் காலு மட்டும் தெரிஞ்சிச்சி" என்று பிறகு சொன்னாள். அவள் போட்ட சத்தத்தை உன் கதவாலும் தடுக்க முடியவில்லை. பண்டா மாத்தயா ஓடி வந்தார்.

"அனே அக்கா! நம்பர்! நம்பர் சொல்லுங்க!"

நான் கிடந்தபடியே நல்ல கையைத் தூக்கி விரலால் காட்டினேன். ஆறு இலக்கத்தில் இரண்டு பூச்சியம். பூச்சியத்தை விரலால் காட்டிப் பார். விரல்களை முட்டியாக மடக்கிக் காட்டினேன். நான் திட்டுகிறேன் என்று மாத்தயா நினைத்துக்கொண்டார். மூன்று தடவை பிழையாக அமுக்கினார். மூன்று தடவை பிழையானால் அரை மணித்தியாலத்துக்கு எந்த இலக்கத்துக்கும் திறக்காது என்று, கதவோடு வந்து நீ வாசித்துக் காட்டிய புத்தகத்திலேயே போட்டிருந்தது. அது திருடர்களுக்காக. கதவு நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அமைதியாயிற்று.

அப்போதுதான் ஜவாத் நாநா தலையில் தொப்பியோடு பள்ளிவாசலிலிருந்து வந்தார். உன் எண் அவரிடம் இருந்தது. இரண்டு தடவை அடித்தார். நீ ரோட்டில் இருந்திருக்கிறாய். அதில் உன் பிழை ஒன்றும் இல்லை, திரும்பத் திரும்ப அதைச் சொல்லி வருந்தாதே. நாநா தன் கடைக்குள் போய்ப் பெரிய சுத்தியல் ஒன்றை எடுத்து வந்தார்.

"நாநா, அது புதுசு. பழசு ஒன்னு என்கிட்ட இருக்கு" என்றார் மாத்தயா.

"மணிக்கூட்டுச் சுத்தியலால கண்ணாடி ஒடையுமா மாத்தயா? தள்ளுங்கோ." பிறகு கண்ணாடியில் வாயை வைத்து என்னிடம், "தங்கச்சி, மொகத்த மூடிக்கோங்கோ. மகன்ட கதவ ஒடைக்கிறேன், கோவிச்சிக்கப் படாது!" பிஸ்மில்லாஹ் என்று சொல்லி அடித்தார். நாலாவது அடியில்தான் உடைந்தது. அதையும் உன் கதவின் பெருமையில் சேர்த்துக்கொள்.

முதலில் உள்ளே நுழைந்தது செல்வராணி. தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டோவில் என்னை ஏற்றியபோது நாநா முன்னால் உட்கார்ந்தார். போவதற்கு முன் இறங்கி ஓடி, உடைந்த வாசலில் ஒரு கதிரையைத் தூக்கிப் போட்டு, அதைப் பண்டா மாத்தயாவின் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். செல்வராணி ஓட்டோவுக்குள் தலையை நீட்டி, "அக்கா, கொக்கி எந்த டப்பாங்க?" என்றாள். மேசையின் மூன்றாம் லாச்சியில் என்றேன். அவள் கண்ணாடியையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டுத்தான் பன்வில பஸ்ஸைப் பிடித்தாளாம்.

பதினொரு நாள் நான் கடைக்கு வரவில்லை. இரவில் வாசலுக்கு ஒரு தகரம், பகலில் ஒரு கதிரை. ஜவாத் நாநா லேஸை இரும்பு டேப்பால் அளந்து, நீர்க்குழாய் விற்கிற பழக்கத்தில் "எத்தன அடி?" என்று கேட்டு விற்றிருக்கிறார். பண்டா மாத்தயா ஊசிகளையெல்லாம் தன் சின்ன இடுக்கியால் எடுத்து அளவு வாரியாக அடுக்கிவிட்டார். இப்போது எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரு மணப்பெண்ணுக்குத் தலையணை உறைக்கான லேஸ் போயிருக்கிறது. அவள் அதைக் கட்டிக்கொண்டு எடுத்த படத்தைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினாள். அழகாகத்தான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாலை ஜவாத் நாநா அலவத்துகொடவில் உள்ள தன் வீட்டுக்குப் போகிற வழியில் கஞ்சி கொண்டு வந்தார். அவரிடம் சொன்னேன்: "நாநா, கதவு தம்பியோட யோசனதான். ஆனா அது வந்ததுல சந்தோஷப்பட்டது நான். அவன் மேல பழியப் போட்டுட்டேன்."

"தெரியும் தங்கச்சி" என்றார், கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தபடி. "எட்டு மாசமா வெள்ளிக்கெழம பகச்சோறு ஆறுதலா சாப்பிட்டீங்களே, கண்ணாடிக்குள்ளால பாத்துக்கிட்டுத்தானே ஈந்தோம்." பிறகு, "இதுல உப்பு கொறவா ஈக்கும். மகள் போட்டது. கொற சொல்லப் படாது" என்றார். அன்றைக்குத்தான் அவரிடம் நன்றி என்று சொன்னேன், உன் அப்பாவின் முப்பத்தொரு நாளுக்கும் சேர்த்து. அவர் சுவரைப் பார்த்து, மின்விசிறி சத்தம் போடுகிறதே, யாருமே எண்ணெய் விட மாட்டார்களா என்று கேட்டார்.

ஆகவே, தம்பி, கடையை விற்கவில்லை. போன் கடைக்காரரிடம் நானே பேசிவிட்டேன். அவரும் கோபிக்கவில்லை, இரண்டு ஜிப் வாங்கிக்கொண்டு போனார். டிசம்பரில் ஆறு வாரத்துக்கு உங்களிடம் வருகிறேன், திரும்பி வரும் டிக்கெட்டோடு. தனியாக இருக்கிறேனே என்று நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. நானும் தரையில் கிடந்தபோது அதைத்தான் பயந்தேன். ஆனால் அன்று நான் தனியாக இருந்ததற்குக் காரணம் இந்தத் தெரு அல்ல. நானே விரும்பிப் பூட்டிக்கொண்ட கதவு.

உனக்கு அறிவுரை சொல்லும் வயதைத் தாண்டிவிட்டாய் என்றாலும் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டபோது "நல்ல ஆக்கள், சத்தமே இல்ல" என்றாய். நான்கு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறீர்கள், பெயர் தெரியாது. அவர்களும் உங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த வாரம் போய்க் கதவைத் தட்டு. ஒரு சாவியைக் கொடு. என்ன காரணம் என்று கேட்டால், கண்டியில் உன் அம்மா தரையில் கிடந்த கதையைச் சொல். பூச்சியத்தை விரலால் காட்டிய இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள். ஒருநாள் அவர்களுடைய வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உன்னைக் கேட்பார்கள். அது ஒரு தொல்லைதான், மதியச் சோறு ஆறிப்போகும். சரி என்று சொல்.

கண்ணாடிக்காரர் புதன்கிழமை வந்து கதவின் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போனார். பழைய மரக் கதவைத் திரும்பப் பொருத்தியாயிற்று. மாலையில் மூடுவதற்கு மட்டும். உன் கமராவை எடுக்கவில்லை. நீ ஆசையாகப் பார்க்கிறாய் என்பதால் அப்படியே இருக்கட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டேகாலுக்கு ஜவாத் நாநா தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் கடை வாசலில் கதிரையை வைத்தார். அது நம் கடையைப் பார்த்திருந்தது. தேங்காய் துருவி ஒன்றும் குக்கர் வாஷர் இரண்டும் விற்றேன்.